கேள்வி – பதில்: கறுப்பு வெள்ளைப் படத்தில் நிழல்

போன இதழில் 1940களிலும் 50களிலும் ஹொலிவூட்டில் வந்த கறுப்பு வெள்ளைக் குற்றப் படங்களைப் பற்றி, ஃபிலிம் நுவார் என்கிறார்களே அதைப் பற்றி, அரைப் பக்கம் எழுதியிருந்தேன். உண்மையைச் சொன்னால் பக்கத்தை நிரப்ப எழுதியது. வந்த கேள்விகளைப் பார்த்தால் எங்கட ஊரில் இத்தனை பேர் இந்தப் படங்களைத் தேடிப் பார்க்கிறார்களா என்று இருக்கிறது. அதனால் இந்த முறை அரசியல், சமையல், கிரிக்கெட் கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதற்கு மட்டும் பதில். கோபிக்க வேண்டாம்.

இந்தப் படங்கள் ஏன் இவ்வளவு இருட்டு? ஜேர்மனியிலிருந்து தப்பி வந்த இயக்குநர்கள் கொண்டுவந்த பாணி என்று ஒரு இடத்தில் வாசித்தேன். செற் போடக் காசில்லாமல் இருட்டால் மறைத்தார்கள் என்று இன்னொரு இடத்தில். எது சரி? — மாணவர், கொக்குவில்

இரண்டும் சரி தம்பி, ஆனால் இரண்டையும் சேர்த்தாலும் கதை முடியாது. ஜேர்மன் பக்கத்தை முதலில் பார்ப்போம். 1920இல் வந்த 'டொக்டர் கலிகாரி' படத்தில் நிழலைச் சுவரிலும் தரையிலும் பெயின்ற்றால் கீறியே வைத்தார்கள். 1922இல் 'நொஸ்ஃபெராட்டு'வில் இரத்தம் குடிக்கிறவன் மாடிப்படி ஏறும்போது அவனைக் காட்டுவதில்லை, அவனுடைய நிழல்தான் விரல்களை நீட்டிக்கொண்டு ஏறுகிறது. 1931இல் ஃப்ரிட்ஸ் லாங் எடுத்த 'எம்' படத்தில் ஒரு சிறுமி பந்தை எறிந்து எறிந்து விளையாடுகிறாள், பந்து படுகிற இடத்தில் கொலைகாரனைப் பிடித்துத் தருபவருக்குப் பரிசு என்று ஓர் அறிவித்தல் ஒட்டியிருக்கிறது, அந்த அறிவித்தலுக்கு மேலேயே ஒரு தொப்பிக்காரனின் நிழல் வந்து விழுகிறது. ஹிட்லர் 1933இல் ஆட்சிக்கு வந்த பிறகு லாங், ரொபேர்ட் சியோட்மாக், பில்லி வைல்டர் என்று ஒவ்வொருவராக நாட்டை விட்டு வெளிக்கிட்டு, கடைசியில் ஹொலிவூட்டில் வந்து சேர்ந்தார்கள். அதுவரை சரி. ஆனால் லைற் வைத்தது யார்? ஒளிப்பதிவாளர்கள். நிக்கொலஸ் மூசுராக்கா இத்தாலியில் பிறந்தவர், ஜோன் ஓல்ட்டன் ஹங்கேரியில் பிறந்தவர், ஜோன் சைட்ஸ் சிக்காகோக்காரர். மூன்று பேரும் அமெரிக்காவில் தொழில் பழகியவர்கள். இயக்குநர்களின் பெயரை மட்டும் சொல்லி இந்தப் பாணியின் வரலாற்றை முடிக்கிறவர்களில் எனக்கு நம்பிக்கை இல்லை.

காசுக் கதையும் பொய்யில்லை. போர்க்காலத்தில், 1942இல், ஒரு படத்தின் செற்றுக்குப் புதிதாக வாங்குகிற கட்டுமானப் பொருள் 5,000 டொலருக்கு மேல் போகக்கூடாது என்று அமெரிக்க அரசு கட்டுப்பாடு போட்டது. பழைய சுவரையே திரும்பத் திரும்பப் பாவிக்க வேண்டும், அது பழைய சுவர் என்றும் தெரியக்கூடாது. அதற்கு இருட்டைப் போல உதவி வேறில்லை. ஆனால் 1944இல் வந்த 'டபிள் இன்டெம்னிற்றி' காசில்லாத படமா? பராமவுண்ட் கொம்பனி பெரிய நட்சத்திரங்களை வைத்து எடுத்தது, ஒளிப்பதிவு உட்பட 7 ஒஸ்கார் பரிந்துரை கிடைத்தது, ஒன்றும் வெல்லவில்லை. அதிலும் அதே இருட்டுத்தான். இதோடு தணிக்கை விதிகளையும் சேருங்கள். கொலையை விபரமாகக் காட்டக்கூடாது, படுக்கையறையில் நடப்பதைக் காட்டக்கூடாது என்றால் நிழலுக்கு வேலை கூடத்தானே செய்யும். 1938இல் கொடாக் கொண்டுவந்த வேகமான ஃபிலிமும் இருக்கிறது. அதற்குக் குறைந்த வெளிச்சமே போதும், முன்பு பத்து லைற் போட்ட இடத்தில் இரண்டு மூன்றோடு சமாளிக்கலாம்.

கேள்வியில் 'இருட்டு' என்று எழுதியிருக்கிறீர்களே, அதோடுதான் எனக்குச் சண்டை. ஒரு நல்ல நுவார் படத்தை எந்த இடத்திலாவது நிறுத்திவிட்டுப் பாருங்கள். எங்கேயோ ஒரு மூலையில் கண் கூசுகிற வெள்ளை இருக்கும், ஒரு சேர்ட் கொலர், ஒரு மேசை விளக்கின் ஓரம், நனைந்த றோட்டில் ஒரு கோடு. அந்த வெள்ளை இருக்கிறபடியால்தான் மற்றதெல்லாம் கறுப்பாகத் தெரிகிறது. இப்போது தமிழிலும் ஆங்கிலத்திலும் 'டார்க்' என்று சொல்லிக்கொண்டு வருகிற பாதிப் படங்களில் அந்த வெள்ளை இல்லை. முழுத் திரையும் நீலச் சேற்றுக்குள் கிடக்கிறது. யார் யாரை வெட்டினான் என்று பக்கத்தில் இருக்கிறவரைக் கேட்க வேண்டியிருக்கிறது.

நாங்கள் நாலு பேர் சேர்ந்து குறும்படம் எடுக்கிறோம். கமரா என்றால் ஃபோன்தான். ஒரு எல்ஈடி பனல் லைற் வாங்கினோம். ஆனால் அந்தப் பழைய படங்களில் வருகிற வெட்டினது போன்ற நிழல் வரவே மாட்டேன் என்கிறது, எல்லாம் சாம்பலாக வருகிறது. எடுத்த துண்டை அனுப்பியிருக்கிறோம், பார்த்துச் சொல்லவும். — திருநெல்வேலி

பார்த்தேன். பெடியன் நல்லாக நடிக்கிறார், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். குறை முழுக்க லைற்றில்.

நீங்கள் வாங்கின பனல் ஒரு அடிக்கு மேல் அகலம். அவ்வளவு பெரிய பரப்பிலிருந்து வருகிற வெளிச்சம் மூக்கைச் சுற்றி, கன்னத்தைச் சுற்றி மற்றப் பக்கத்துக்கும் போய்விடும், நிழலின் ஓரம் கரைந்துவிடும். கல்யாண வீட்டுப் படத்துக்கு அது நல்லது. உங்களுக்கு வேண்டியது சின்னப் புள்ளியாக இருந்து அடிக்கிற வெளிச்சம். அந்தக் கால ஸ்டூடியோக்களில் வளையம் வளையமாக வெட்டின கண்ணாடி வில்லை பூட்டிய பெரிய லைற்றுகள் இருந்தன, ஃபிரெனெல் என்று சொல்வார்கள், அவை வெளிச்சத்தை ஒரு கற்றையாக்கி அனுப்பும். உங்களுக்கு ஒற்றை பல்ப் உள்ள நல்ல ரோர்ச் லைற் ஒன்று காணும். பனலை நண்பரின் தங்கச்சியின் சாமத்தியவீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

இனி அந்த அறை. சுவர் வெள்ளை, சீலிங் வெள்ளை, நிலம் பளிங்கு மாதிரி மாபிள் பதித்தது. நீங்கள் ஒரு பக்கத்தில் லைற் அடித்தால் அது சுவரில் பட்டு, சீலிங்கில் பட்டு, மற்றப் பக்கக் கன்னத்தில் திரும்ப வந்து விழுகிறது. ஒரு லைற் வைத்தோம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், உண்மையில் நாலு வைத்திருக்கிறீர்கள். படத்தில் விழாத பக்கமாகக் கறுப்புச் சாரம், கடும் நிறப் படுக்கை விரிப்பு, எது கிடைக்கிறதோ அதைத் தொங்கவிடுங்கள். ஸ்டூடியோக் கணக்கில் மூன்று லைற்: முகத்துக்கு அடிக்கிற முக்கிய லைற், அது விழுத்துகிற நிழலை இளக்குகிற நிரப்பு லைற், தலைக்குப் பின்னாலிருந்து வருகிற பின் லைற். சிரிப்புப் படம் எடுத்தால் நிரப்பு லைற்றைக் கூட்டுவார்கள். நுவாரில் அதைக் குறைத்தார்கள், பல இடங்களில் அணைத்தே விட்டார்கள். பாணி என்று புத்தகம் புத்தகமாக எழுதுகிறதில் பாதி இந்த ஒரு சுவிச்சுத்தான்.

பின் லைற்றை மட்டும் அணைக்க வேண்டாம். உங்கள் துண்டில் கதாநாயகனின் தலை எங்கே முடிகிறது, பின்னாலிருக்கிற அலுமாரி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. எங்கட ஆட்களின் கறுப்புத் தலைமயிர் கறுப்புப் பின்னணியில் அப்படியே கரைந்து போகும். அலுமாரிக்கு மேல் இன்னொரு சின்ன ரோர்ச்சை வைத்துத் தலையின் ஓரத்தில் படுகிற மாதிரி அடியுங்கள். தலைக்குக் கொஞ்சம் நல்லெண்ணெய் வைத்தால் இன்னும் நல்லது, பகிடிக்குச் சொல்லவில்லை.

தூரம் பெரிய விஷயம். ஆள் சுவருக்குக் கிட்டவும் லைற் தூரவும் நின்றால் நிழல் ஆளின் அளவிலேயே, ஓரம் கூராக விழும். லைற்றை ஆளுக்குக் கிட்டக் கொண்டுவந்து, ஆளைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தினால் நிழல் பூதம் மாதிரி வளரும். நிழலே வேண்டாம், பின்னால் கறுப்பாக இருந்தால் போதும் என்றால் ஆளைச் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் கொண்டுவர முடியுமோ கொண்டுவாருங்கள், வெளிச்சம் சுவருக்குப் போய்ச் சேராமல் ஒரு பக்கமாக அடியுங்கள்.

கடைசியாக ஃபோன். நீங்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் அந்தச் சாமான் கெடுக்கும். இருட்டைக் கண்டவுடன் 'ஐயோ, வெளிச்சம் காணாது' என்று தானாகவே எல்லாவற்றையும் தூக்கிவிடும். அதுதான் அந்தச் சாம்பலும் புள்ளி புள்ளியும். முகத்தில் வெளிச்சம் படுகிற இடத்தில் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, பிறகு வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். நைற் மோட் அணைத்திருக்க வேண்டும். கலரில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றுவதாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள்: உங்கள் கதாநாயகி போட்டிருக்கிற சிவப்புச் சட்டையும் பின்னாலிருக்கிற பச்சைச் சுவரும் கலரில் நல்ல எடுப்பாக இருந்தன, கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பல், பிள்ளையின் தலை மட்டும் தனியாக மிதக்கிறது. நிறத்தைப் பார்த்து உடுப்பு எடுக்க வேண்டாம். எது வெளிர், எது கடுமை என்று பார்த்து எடுங்கள்.

இன்னும் ஒன்று. எங்களிடம் இலவசமாகக் கிடக்கிற பெரிய லைற் ஒன்று இருக்கிறது, பின்னேரம் நாலு மணி வெயில். 1959இல் குரு தத்தின் ஹிந்திப் படம் 'காகஸ் கே ஃபூல்' எடுத்தபோது ஒளிப்பதிவாளர் வி. கே. மூர்த்தி ஸ்டூடியோவுக்கு வெளியே இருந்த வெயிலைக் கண்ணாடிகளால் திருப்பி உள்ளே ஒரு தூண் மாதிரி இறக்கினார். இன்றைக்கும் அந்தக் காட்சியைப் பார்த்தால் வாய் திறந்துவிடும். அலுமாரிக் கண்ணாடி ஒன்றைக் கழற்ற அம்மா விட்டால் முயற்சி செய்து பாருங்கள்.

அந்தக் கோடு கோடான யன்னல் நிழல் சிறைக் கம்பியைக் குறிக்கிறது என்று விரிவுரையில் சொன்னார்கள். உண்மையா? — மானிப்பாய்

குறிக்கலாம். நூறாவது படத்திலும் அதையே குறித்தால் அலுத்துவிடும். முதலில் அது அந்த ஊரின் யன்னல் என்பதை மறக்கக்கூடாது. கலிபோர்னியாவில் வெயில் கடுமை, வீட்டிலும் கந்தோரிலும் குறுக்குப் பலகை அடுக்கின திரை தொங்கும், நூலை இழுத்தால் திறக்கும், மூடும். எங்கட பழைய வீட்டு யன்னலுக்கு நிமிர்ந்த கம்பி, அதனால் எங்களுக்கு நிழல் நட்டுக்கு நிற்கும். அவர்களுக்குப் படுத்துக் கிடக்கும்.

'டபிள் இன்டெம்னிற்றி'யில் காப்புறுதி விற்க வருகிறவன் ஒரு வீட்டுக்குள் நுழைகிறான். வெளியே நல்ல வெயில், உள்ளே மங்கல், திரையின் இடுக்கால் வெளிச்சம் சரிந்து விழுகிறது, அந்த வெளிச்சத்துக்குள் தூசி மிதக்கிறது. அந்தத் தூசி தெரிய வேண்டும் என்பதற்காக அலுமினியத் துகளைக் காற்றில் ஊதிவிட்டார்கள். ஏனென்றால் வெளிச்சக் கற்றை தானாகக் கண்ணுக்குத் தெரியாது, அது எதிலாவது பட்டுத் தெறித்தால்தான் தெரியும். அந்த வீட்டில் கன காலமாக ஒருவரும் சந்தோஷமாக இருக்கவில்லை என்று வசனம் எழுதாமலே தெரிந்துவிடுகிறது. எனக்குச் சிறைக் கம்பியைவிட அந்தத் தூசிதான் பிடிக்கும். (திருநெல்வேலிக்காரருக்கு: நீங்கள் அலுமினியம் ஊத வேண்டாம், சாம்பிராணி போடுங்கள், காணும்.)

தொழில் பக்கத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. வெறும் சுவர், ஒரு படம்கூட மாட்டவில்லை, அதில் இந்தக் கோடுகளை விழுத்தினால் சுவர் நிரம்பிவிடும். ஆள் நடக்கும்போது கோடுகள் முகத்தில் ஏறி இறங்கும், அவர் ஒன்றும் செய்யாவிட்டாலும் ஏதோ நடக்கிற மாதிரி இருக்கும். யன்னலே இல்லாத இடத்தில் பலகையில் ஒழுங்கில்லாத ஓட்டைகள் வெட்டி லைற்றுக்கு முன்னால் பிடிப்பார்கள், மரத்தின் நிழலோ இலையின் நிழலோ என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம். அட்டைப் பெட்டியில் நீங்களும் வெட்டலாம். அட்டையை லைற்றுக்குக் கிட்டப் பிடித்தால் கோடு மங்கும், முகத்துக்கோ சுவருக்கோ கிட்டப் பிடித்தால் கூராகும்.

தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாமல் ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும் விட்டு எரித்த சனம் நாங்கள். இருட்டைப் பார்க்கக் காசு கொடுத்துப் படத்துக்குப் போக வேண்டுமா? — ஓய்வுபெற்றவர், சாவகச்சேரி

போக வேண்டாம் ஐயா. ஆனால் இந்தப் படங்களை உங்கள் வயது ஆட்கள் எங்களைவிட நல்லாக வாசிப்பீர்கள் என்று எனக்கு ஒரு எண்ணம். ஒரு விளக்கு, அதுவும் பதிவாக நிலத்திலோ சின்ன மேசையிலோ இருந்தால் நிழல் ஆளைவிடப் பெரிதாகச் சுவரில் ஏறிச் சீலிங்கில் மடியும் என்று உங்களுக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருவர் குசினிக்குப் போனால் வீட்டில் இருக்கிற கதிரை, மேசை எல்லாவற்றின் நிழலும் எழும்பி நடக்கும். ஹொலிவூட்டில் அதை இயந்திரம் வைத்துச் செய்தார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. போத்தல் விளக்கின் வெளிச்சம் இரண்டு அடி தள்ளினால் பாதிக்கும் பாதியாகச் செத்துப்போகும். ஸ்டூடியோ லைற் பெரியது, தூரத்தில் நிற்பது, அதனால் பத்து அடி நடந்தாலும் வெளிச்சம் அவ்வளவு குறையாது. நடிகர் இருட்டுக்குள் போய், வெளிச்சத்துக்குள் வந்து, திரும்ப இருட்டுக்குள் போகிறாரென்றால் இடையில் யாரோ கணக்குப் பண்ணி மறைப்பு வைத்திருக்கிறார்கள்.

ஒரு படம் மட்டும் பாருங்கள், அதுவும் முதல் கால் மணித்தியாலம். 1946இல் சியோட்மாக் எடுத்த 'த கில்லர்ஸ்', கமரா வூடி பிரெடெல். இரண்டு பேர் ஒரு சின்ன ஊருக்குள் இரவில் வருகிறார்கள், சாப்பாட்டுக் கடையில் விசாரிக்கிறார்கள், ஒருவனைக் கொல்ல வந்தோம் என்று மறைக்காமலே சொல்கிறார்கள். கடையில் இருந்த பெடியன் ஒருவன் வேலியால் பாய்ந்து ஓடி அந்த ஆளின் அறைக்குப் போய்ச் சொல்கிறான். அந்த ஆள் கட்டிலில் கிடக்கிறான். உடம்பு தெரிகிறது, முகம் கறுப்புக்குள். ஓட மாட்டேன் என்கிறான். பேர்ட் லான்காஸ்டருக்கு அது முதல் படம், ஒரு புது நடிகரை அறிமுகப்படுத்துகிற காட்சியில் அவர் முகத்தைக் காட்டாமல் விட என்ன துணிவு வேண்டும் பாருங்கள். மாடிப்படியில் காலடி கேட்கிற நேரம்தான் எழும்புகிறான், முகம் வெளிச்சத்துக்கு வருகிறது. பிறகு கதவு திறக்கிறது, துவக்கு வெடிக்கிற வெளிச்சம்தான் அந்த அறையின் வெளிச்சம்.

காலடிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு இருட்டில் கிடப்பது எப்படி என்று எங்கட ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் பார்க்கச் சொல்கிறேன், அதனாலேயே வேண்டாம் என்றாலும் சரி.

'த தேர்ட் மான்' பிரித்தானியப் படம். அதை எப்படி நுவார் என்கிறீர்கள்? — ஆசிரியை, பருத்தித்துறை

ரீச்சர், வகுப்புப் பிரிக்கிற வேலையை நான் விட்டுவிட்டேன். நிழலைப் பற்றிக் கதைக்கிற இடத்தில் அந்தப் படத்தை வெளியே நிறுத்தினால் எனக்குத்தான் நட்டம்.

1949, இயக்கம் கரோல் ரீட், குண்டு விழுந்து சிதைந்து நாலு நாட்டுப் படைகள் பிரித்து வைத்திருக்கிற வியன்னா நகரம். இரவில் கல் பதித்த றோட்டுகளுக்குத் தண்ணீர் அடித்து நனைத்துவிட்டு எடுத்தார்கள், காய்ந்த கல் வெளிச்சத்தைக் குடித்துவிடும், நனைந்த கல் திருப்பித் தரும். ஒளிப்பதிவாளர் ரொபேர்ட் கிராஸ்கர் ஒஸ்கார் வாங்கினார். படத்தில் செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட ஆள் உயிரோடு இருக்கிறான் என்று தெரியவருகிற காட்சியைக் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஒரு வாசற்படி, முழுக் கறுப்பு. ஒரு பூனை வந்து யாரோ ஒருவரின் சப்பாத்துக்குப் பக்கத்தில் படுக்கிறது. தெருவில் நிற்கிற நண்பன் வெறியில் சத்தம் போடுகிறான். மேல்மாடியில் நித்திரை குழம்பின ஒரு மனிசி ஏசிக்கொண்டு லைற்றைப் போடுகிறா, அந்த யன்னல் வெளிச்சம் குறுக்கே வந்து வாசலில் நிற்கிறவனின் முகத்தில் விழுகிறது. நடிகர் ஓர்சன் வெல்ஸ். ஒரு சின்னச் சிரிப்பு, அவ்வளவுதான். ஒரு மணித்தியாலமாக எல்லோரும் தேடின ஆளைக் கதையில் வேலையே இல்லாத ஒரு மனிசி லைற் சுவிச்சைத் தட்டிக் காட்டிக்கொடுக்கிறா. அந்தப் படத்தில் நிழலைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், ஆனால் மறக்க முடியாத இடம் லைற் எரிகிற இடம்தான்.

அதற்குப் பிறகு ஓடுகிற பெரிய நிழல் இருக்கிறதே, அதில் வெல்ஸ் இல்லாத இடங்களும் உண்டு. அவர் படப்பிடிப்புக்கு நேரத்துக்கு வந்து சேராததால் உதவி இயக்குநர் கை ஹமில்டன் பெரிய கோட்டும் தொப்பியும் போட்டு ஓடினார். நிழல்தானே, யார் ஓடினால் என்ன. இன்னொரு இடத்தில் பொலிஸ் ஒளித்து நிற்க ஒரு பயங்கர நிழல் சுவரில் வளர்ந்து வளர்ந்து வருகிறது, கடைசியில் பார்த்தால் பலூன் விற்கிற கிழவர். ரீட் எங்களையும் ஏமாற்றிவிட்டு, நிழல் என்ன செய்கிறது என்று பகிடியாகச் சொல்லியும் காட்டுகிறார்.

கமராவைச் சரித்துப் பிடித்தது மட்டும் எனக்குக் கொஞ்சம் கூடிப்போனதாகத்தான் படும். அப்படி நினைத்தது நான் மட்டுமில்லை, ஹொலிவூட் இயக்குநர் வில்லியம் வைலர் படத்தைப் பார்த்துவிட்டு ரீட்டுக்கு ஒரு ரசமட்டம் அனுப்பினாராம். மேசன்மார் வைத்திருக்கிற அதே சாமான்தான்.

நுவார் படங்களில் பெண்கள் எல்லோரும் கெட்டவர்கள், அவர்களைத்தான் நிழலில் வைக்கிறார்கள் என்பது என் குற்றச்சாட்டு. — உரும்பிராய் வாசகி

கெட்டவர்கள் என்பதில் நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்க வரவில்லை. நிழலில் வைக்கிறார்கள் என்பதில் கொஞ்சம் பொறுங்கள். 1947இல் ஜாக் டூர்னர் எடுத்து மூசுராக்கா ஒளிப்பதிவு செய்த 'அவுட் ஒஃப் த பாஸ்ட்' படத்தில் ஆண் மெக்சிக்கோவில் ஒரு இருண்ட குடிக்கடைக்குள் சோம்பிப்போய் இருக்கிறான். பெண் வெள்ளை உடுப்பும் தொப்பியுமாகக் கொதிக்கிற வெயிலிலிருந்து உள்ளே வருகிறா. அந்தப் படத்திலேயே ஆகக் கூடின ஆபத்து வருவது ஆகக் கூடின வெளிச்சத்திலிருந்து. பொதுவாகவே ஸ்டூடியோக்கள் நடிகையின் முகத்தைக் கெடுக்க விடமாட்டார்கள், சுற்றிவரக் கறுப்பாக இருந்தாலும் முகத்துக்கு மட்டும் முன்னாலும் மேலாலும் இருந்து ஒரு பூப்போன்ற வெளிச்சம் வரும், பல படங்களில் அது ஒட்டாமல் தனியாகத் தெரியும். முகத்தில் பாதியை இருட்டுக்குள் விடுகிறது கூடுதலாக ஆண்களுக்குத்தான்.

கலரில் நுவார் உண்டா? — நல்லூர்

உண்டு. 1945இல் 'லீவ் ஹேர் டு ஹெவன்', டெக்னிக்கலர், லியோன் ஷாம்ரோய்க்கு ஒஸ்கார் கிடைத்த படம். அந்தக் கால டெக்னிக்கலருக்குக் கறுப்பு வெள்ளையைவிடப் பல மடங்கு வெளிச்சம் தேவைப்பட்டது, ஆழமான நிழல் கஷ்டம். அதனால் கொலையைப் பட்டப்பகலில் ஒரு ஏரிக்கு நடுவில் வைத்தார்கள். இருட்டுக்குப் பதில் ஒரு கறுப்புக் கண்ணாடி, அது கொலைகாரியின் முகத்தில்.

தமிழில் இப்படி ஒரு படமாவது இருக்கிறதா? அப்பா றீகல் தியேட்டரில் ஆங்கிலப் படம் பார்த்த பெருமையையே சொல்லிக்கொண்டிருக்கிறார். — சுன்னாகம்

இருக்கிறது, அப்பாவுக்கும் காட்டுங்கள். 'அந்த நாள்', 1954, ஏவிஎம். எடுத்தவர் வீணை வித்துவான் எஸ். பாலச்சந்தர், ஒளிப்பதிவு மாருதி ராவ். 'பராசக்தி' வந்து இரண்டு வருடம், சிவாஜி கணேசன் நல்ல ஏறுமுகத்தில் இருக்கிறார், அவரைப் படம் தொடங்கின உடனேயே சுட்டு விழுத்திவிடுகிறார்கள். 1943, சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட நேரம். யார் சுட்டது என்று விசாரிக்க ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பாட்டு ஒன்றும் இல்லை, அதைத்தான் எல்லோரும் அதிசயமாகச் சொல்வார்கள், கமராவைப் பற்றிச் சொல்ல நேரமில்லாமல் போய்விடும். எனக்கு அந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டினவை என்று படும். இப்படிக் கறாராக லைற் வைத்த படத்தில் திடீரென்று ஒரு தோட்டமும் டூயட்டும் வந்தால், அது முடிந்து திரும்ப வருகிற நேரம் அறையில் கட்டி வைத்திருந்த இறுக்கம் போயிருக்கும். முடிவை ஒருவரிடமும் கேட்க வேண்டாம், கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

எதிலிருந்து தொடங்கலாம்? ஃபோனில் பார்த்தால் போதுமா? — அளவெட்டி

'டபிள் இன்டெம்னிற்றி'யில் தொடங்குங்கள், கதையே உங்களை இழுத்துக்கொண்டு போகும். லைற்றுக்காக மட்டும் ஒன்று என்றால் 1955இல் வந்த 'த பிக் கொம்போ', ஓல்ட்டனின் வேலை. இந்த மனுஷன் 1949இலேயே தன் தொழிலைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினவர். அந்தப் படத்தில் காதுக்கு மெஷின் போடுகிற ஒருவனைக் கொல்ல வருகிறார்கள், வெடிச் சத்தம் கேட்கக்கூடாதென்று மெஷினைக் கழற்றி எடுத்துவிடுகிறார்கள், எங்களுக்கும் சத்தம் நின்றுவிடுகிறது, துவக்கு வாயில் வெளிச்சம் மட்டும் வெட்டி வெட்டி எரிகிறது. கடைசிக் காட்சி பனிப்புகாருக்குள் இரண்டு கறுப்பு உருவம், பின்னால் ஒரு லைற். செலவு எவ்வளவு வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

'டீட்டூர்' (1945), 'டி.ஓ.ஏ.' (1950) மாதிரிப் படங்கள் உரிமைக்காலம் முடிந்து இணையத்தில் சும்மா கிடக்கின்றன. கவனம், பாதிப் பிரதிகள் கழுவிக் கழுவி வெளிறினவை, கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் மாக்கரைசல் மாதிரி ஒன்று ஓடும், அதைப் பார்த்துவிட்டு 'இதுதானா நீர் சொன்ன நிழல்' என்று எனக்கு எழுத வேண்டாம். 'டீட்டூர்' படத்தை 2018இல் திருத்திப் புதுப்பித்தார்கள், அந்தப் பிரதியைத் தேடுங்கள்.

ஃபோனில் பார்க்கலாம். ஆனால் இரவில், அறை லைற்றை அணைத்துவிட்டு. மத்தியானம் விறாந்தையில் இருந்து பார்த்தால் படத்தில் கறுப்பு வருகிற இடமெல்லாம் உங்கள் முகமும் பின்னால் கொடியில் காய்கிற உடுப்பும்தான் தெரியும்.